இறவையும் வடிகாலும்: புற்றுநோய்ச் செல்லின் பாஸ்பேட் பயன்பாடு – அறிவியல் தமிழ் நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

புற்றுநோய்ச் செல்கள் தம் சூழலிலிருந்து பாஸ்பேட்டைப் பெறும் முறையையும் அதனைப் பயன்படுத்தும் வகைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. இந்நிகழ்வைப் 'பசி', 'பட்டினி' என்னும் உருவகங்களால் சொல்லும் போக்கு தமிழ் மருத்துவ எழுத்தில் பரவலாக உள்ளது. உட்கொள்ளுதலை மட்டும் காட்டும் இவ்வுருவகங்கள், வெளியேற்றுதலும் செல்லின் வாழ்வைத் தீர்மானிக்கிறது என்னும் அண்மைக் கண்டுபிடிப்பை மறைத்துவிடுகின்றன. காவிரிப் படுகையின் பாசன வழக்கில் உள்ள 'இறவை', 'வடிகால்' ஆகிய இணைச் சொற்கள் இவ்விரு செயல்களையும் பிழையின்றி உணர்த்த வல்லவை என்பதும், அவ்வுருவகத்திற்கும் எல்லை உண்டு என்பதும் இக்கட்டுரையில் நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பாஸ்பேட், மணிச்சத்து, புற்றுநோய்ச் செல், இறவை, வடிகால், அறிவியல் தமிழ், கலைச்சொல்லாக்கம்.

1. முன்னுரை

நோயைப் பற்றி ஒரு மொழி எவ்வாறு பேசுகிறதோ, அவ்வாறே அம்மொழியினர் நோயை எதிர்கொள்கின்றனர். புற்றுநோய் குறித்துத் தமிழில் வெளிவரும் கட்டுரைகளும் உரைகளும் புற்றுநோய்ச் செல்லை ஓயாப் பசி கொண்ட உயிராகவே பெரிதும் சித்திரிக்கின்றன. 'சர்க்கரையை நிறுத்தினால் புற்று பட்டினியால் மடியும்' என்பது போன்ற கூற்றுகள் இச்சித்திரிப்பின் விளைவுகளே. சிகிச்சை பெறும் காலத்தில் உணவைக் குறைத்து உடல் மெலிந்து போகும் நோயாளிகளுக்கு இவ்வுருவகம் வெறும் அணியன்று; அன்றாட நடைமுறை.

பசி உருவகம் எந்த அளவுக்குப் பொருந்துகிறது, எவ்விடத்தில் பிழைபடுகிறது என்பதைச் சோதிக்கப் பாஸ்பேட் ஏற்றதொரு பொருள். செல்லின் வளர்ச்சிக்கு அது இன்றியமையாதது. அதே வேளையில், வெளியேற வழியின்றித் தேங்கினால் செல்லையே அழிக்கக்கூடியது. நீர் வராமையாலும் பயிர் கெடும், நீர் வடியாமையாலும் பயிர் கெடும் என்பதை ஆண்டுதோறும் கண்டுவரும் காவிரிப் படுகைக்கு இவ்வுண்மை புதிதன்று. அதற்குரிய சொற்கள் இங்கு முன்னரே வழக்கில் உள்ளன. அவற்றை அறிவியல் விளக்கத்திற்குக் கொள்ள இயலுமா என்பதே இக்கட்டுரையின் வினா.

2. பாஸ்பரஸ், பாஸ்பேட், மணிச்சத்து

பாஸ்பரஸ் என்பது தனிமம். 1669ஆம் ஆண்டில் ஹாம்பர்க் நகர இரசவாதியான ஹென்னிக் பிராண்ட் சிறுநீரிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தார். இருளில் ஒளிர்ந்தமையால் 'ஒளி சுமப்பது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல் இதற்குப் பெயராயிற்று. ஒரு பாஸ்பரஸ் அணு நான்கு ஆக்சிஜன் அணுக்களுடன் பிணைந்து எதிர்மின்னூட்டம் பெற்ற நிலையே பாஸ்பேட். உயிருடலில் பாஸ்பரஸ் தனித்து இருப்பதில்லை. பாஸ்பேட்டாகவோ பாஸ்பேட் சேர்ந்த மூலக்கூறாகவோதான் இருக்கிறது.

வேளாண் தமிழ் இதனை 'மணிச்சத்து' என வழங்குகிறது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்னும் மூன்று பெயர்களும் ஒரே நெறியில் அமைந்தவை அல்ல. முதலிரண்டும் பயிரில் விளையும் பயனால் பெற்ற பெயர்கள். மூன்றாவது, பொருள் கிடைக்கும் மூலத்தால் பெற்ற பெயர். தழை செழிக்கச் செய்வது தழைச்சத்து. மணி பிடிக்கச் செய்வது மணிச்சத்து. ஐரோப்பியர் இத்தனிமத்தை அதன் ஒளியால் பெயரிட, தமிழ் உழவு வழக்கு அதன் தொழிலால் பெயரிட்டது. உர மூட்டையில் அச்சிடப்படும் மணிச்சத்து அளவு பாஸ்பரஸ் பென்டாக்சைடு என்னும் சேர்மத்தின் கணக்கில் குறிக்கப்படுகிறது. டி.ஏ.பி. உரத்தின் 18–46 என்னும் எண்களில் இரண்டாவது இதனையே சுட்டும்.

மணிச்சத்து என்னும் சொல் வயலுக்குப் போதுமானது, செல்லுக்குப் போதாது. செல்லினுள் பாஸ்பேட் ஆற்றும் தொழில்கள் பலவாதலின், ஒரு தொழிலால் பெற்ற பெயரை அங்கே கொண்டுசெல்வது பொருள் மயக்கம் தரும். ஆகவே இக்கட்டுரையில் பாடநூல் வழக்கை ஒட்டிப் 'பாஸ்பேட்' என்னும் சொல்லே ஆளப்படுகிறது. அவ்வாறே தமிழகப் பாடநூல் வழக்கான 'செல்' கொள்ளப்படுகிறது; இலங்கைத் தமிழர் இதனைக் 'கலம்' என்பர்.

3. அளவிடும் முறையும் சுப்பாராவும்

பாஸ்பேட் ஆய்வின் வரலாற்றில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஒருவரின் பெயர் நிலைபெற்றிருக்கிறது. எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895ஆம் ஆண்டில் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். பின்னர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர். அவரும் சைரஸ் ஃபிஸ்கேயும் 1925இல் வெளியிட்ட நிறமானி முறை, உயிர்த்திரவங்களில் உள்ள பாஸ்பேட்டை அளக்க வழிவகுத்தது. பாஸ்பேட் மாலிப்டேட்டுடன் வினைபுரிந்து, ஒடுக்கத்தின்பின் நீல நிறம் தருகிறது. நீலத்தின் அடர்த்தியே பாஸ்பேட்டின் அளவு. மண் ஆய்வுக்கூடங்களில் வயல் மண்ணின் மணிச்சத்தைக் கணிப்பதற்கும் இதே மாலிப்டேட் நீல வினையே இன்றும் பயன்படுகிறது.

இம்முறை கைவந்தபின் அவ்விருவரும் தசையில் பாஸ்போகிரியேட்டினை 1927இல் கண்டறிந்தனர். 1929இல், செருமனியின் கார்ல் லோமன் தனித்துக் கண்டறிந்த அதே காலத்தில், ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறையும் கண்டனர். பிற்காலத்தில் லெடர்லே ஆய்வகத்தில் சுப்பாராவின் தலைமையில் அமினோப்டெரினும் மெத்தோட்ரெக்சேட்டும் உருவாயின. சிட்னி ஃபார்பர் 1948இல் வெளியிட்ட குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிவுகள் அமினோப்டெரினை அடிப்படையாகக் கொண்டவை. அவ்வாண்டிலேயே சுப்பாராவ் மறைந்தார். செல்லில் பாஸ்பேட் எங்கெங்கு உள்ளது எனக் காட்டிய கைகளே, டி.என்.ஏ. உருவாக்கத்தைத் தடுத்துப் புற்றுநோயைக் கட்டுப்படுத்தும் மருந்துக்கும் வழிகோலின.

4. செல்லுக்குப் பாஸ்பேட் எதற்கு?

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 700 கிராம் பாஸ்பரஸ் உள்ளது. அதில் 85 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் அடங்கும். எஞ்சியதில் பெரும்பகுதி செல்களுக்குள் இருக்கும். இரத்தத்தில் இருப்பது மிகச் சிறு பங்கு: 100 மில்லிலிட்டருக்கு 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை. செல்லினுள் பாஸ்பேட்டின் தொழில்களை ஐந்தாகப் பகுக்கலாம்.

முதலாவது, மரபுச் செய்தி. டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. ஆகியவற்றின் முதுகெலும்பு சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறிக் கோத்த சரம். பகுபடும் செல் ஒவ்வொன்றும் இச்சரத்தை இரட்டிப்பாக்க வேண்டும். அதனினும் பெரிய தேவை ரைபோசோம்களுக்கு உரியது. புரதம் கட்டும் இத்துகள்கள் ஆர்.என்.ஏ. மிகுந்தவை. வேகமாக வளரும் உயிர்க்கு ரைபோசோம் மிகுதியாக வேண்டும். எனவே பாஸ்பரசும் மிகுதியாக வேண்டும் என்பது சூழலியலாளர் ஜேம்ஸ் எல்சர் முன்வைத்த கருதுகோள். ஏரி நீரின் நுண்ணுயிர்களை ஆராய்ந்து உருவான இக்கருதுகோளை அவர் குழுவினர் 2007இல் மனிதப் புற்றுத் திசுக்களில் சோதித்தனர். நுரையீரல், பெருங்குடல் ஆகியவற்றின் கட்டிகளில் அதே உறுப்பின் இயல்பான திசுவைவிடப் பாஸ்பரஸ் மிகுந்திருந்தது. சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் அத்தகைய வேறுபாடு தென்படவில்லை. எல்லாப் புற்றும் ஒரே வகையில் பாஸ்பேட்டைச் சேர்ப்பதில்லை என்பதற்கு இது சான்று.

இரண்டாவது, செல்லின் புறச்சவ்வு. பாஸ்பேட் தலையும் கொழுப்பு வாலும் கொண்ட மூலக்கூறுகள் ஈரடுக்காக நின்று சவ்வாகின்றன. மூன்றாவது, ஆற்றல். ஏ.டி.பி.யின் மூன்று பாஸ்பேட்டுகளில் கடைசி ஒன்று பிரியும்போது கிடைக்கும் ஆற்றலே செல்லின் பெரும்பாலான வினைகளை இயக்குகிறது.

நான்காவது, பூட்டுதல். செல்லுக்குள் நுழைந்த குளுக்கோசின்மீது உடனே ஒரு பாஸ்பேட் ஏற்றப்படுகிறது. பாஸ்பேட் ஏறிய சர்க்கரை, தான் வந்த வழியே மீள இயலாது. பெட் ஸ்கேன் சோதனை இந்நிகழ்வையே பயன்கொள்கிறது. கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோசுப் போலி செல்லுக்குள் சென்று பாஸ்பேட்டால் பூட்டப்பட்டு அங்கேயே தங்குவதால், சர்க்கரையை மிகுதியாக ஈர்க்கும் கட்டி படத்தில் ஒளிர்கிறது.

ஐந்தாவது, ஏவல். கைனேஸ் எனப்படும் நொதிகள் ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து வேறொரு புரதத்தின்மீது ஏற்றுகின்றன. ஏற்றப்பட்டதும் அப்புரதம் விழிக்கிறது அல்லது ஓய்கிறது. 'வளர்', 'பகுபடு' என்னும் கட்டளைகள் இவ்வாறே கைமாறுகின்றன. நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயில் இத்தகைய கைனேஸ் ஒன்று ஓய்வின்றி இயங்குகிறது. 2001இல் அமெரிக்காவில் பயன்பாட்டு ஒப்புதல் பெற்ற இமாட்டினிப், அந்நொதியில் ஏ.டி.பி. அமரும் இடத்தை அடைத்துப் பாஸ்பேட் கைமாறுவதைத் தடுக்கிறது. இங்கே மருந்து பாஸ்பேட்டைக் குறைக்கவில்லை. அது செல்லும் ஒரு வழியை மட்டும் அடைக்கிறது. அளவைவிட வழியே முதன்மையானது என்னும் இக்கருத்து பின்வரும் பகுதிகளுக்கு அடிப்படையாகும்.

5. இறவை: பாஸ்பேட் உள்ளே வரும் முறை

செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட எதிர்மின் தன்மை மிக்கது. பாஸ்பேட்டும் எதிர்மின்னூட்டம் உடையது. எனவே அது தானாக உள்ளே பாய்ந்து வருவதில்லை. எதிர்த்து ஏற்றப்பட வேண்டும். செல் தன் சோடியத்தை ஏ.டி.பி. செலவிட்டு ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. வெளியே குவிந்த சோடியம் உள்ளே திரும்ப முனைகையில், சவ்விலுள்ள சில புரதங்கள் அவ்வேகத்தைப் பயன்படுத்திப் பாஸ்பேட்டையும் உடன் இழுத்துவருகின்றன.

இதனை 'வாய்க்கால்' என்பது பிழை. வாய்க்காலில் நீர் பள்ளம் நோக்கித் தானே ஓடும். பள்ளத்து நீரை மேட்டுக்கு ஏற்றுவதற்குத் தமிழில் 'இறைத்தல்' என்று பெயர். ஏற்றம், இறைகூடை ஆகியன அதற்குரிய கருவிகள். படுகையில் ஆற்றுப் பாசனத்திலிருந்து வேறுபடுத்தி 'இறவைப் பாசனம்' என்று இன்றும் வழங்குகின்றனர். ஆற்றல் செலவிட்டு ஏற்றுதல் என்னும் கூறு இச்சொல்லில் பொதிந்திருப்பதால், பாஸ்பேட்டை உள்வாங்கும் புரதங்களுக்கு 'இறவைப் புரதம்' என்னும் பெயர் பொருந்தும்.

மனித உடலில் இவ்விறவைப் புரதங்கள் இரு குடும்பங்களாக உள்ளன. எஸ்.எல்.சி.20 குடும்பத்தின் இரண்டு புரதங்கள் பெரும்பாலான திசுக்களில் இருக்கின்றன. இவை முதலில் சில வைரசுகள் செல்லுக்குள் நுழையும் வாயில்களாகவே அறியப்பட்டன. பாஸ்பேட்டை ஏற்றுவதே இவற்றின் இயல்பான தொழில் என்பது 1990களில்தான் தெரியவந்தது. எஸ்.எல்.சி.34 குடும்பத்தின் புரதங்கள் சிறுநீரகம், குடல், நுரையீரல் முதலிய உறுப்புகளுக்கு உரியவை. இவற்றுள் எஸ்.எல்.சி.34ஏ2 என்னும் மரபணுவின் புரதம், சினைப்பைப் புற்றுகள் பலவற்றிலும் நுரையீரல் புற்றுகள் சிலவற்றிலும் இயல்பைவிட மிகுந்து காணப்படுகிறது.

மிகுந்து நிற்கும் இப்புரதத்தை முகவரியாகக் கொண்டு, நச்சு மருந்தை நேரே கட்டிக்குக் கொண்டுசேர்க்கும் எதிர்ப்பொருள்கள் உருவாக்கப்பட்டன. அவற்றுள் உபிஃபிடமாப் ரில்சோடோடின் என்னும் மருந்து சினைப்பைப் புற்றுநோய்ச் சோதனையில் எதிர்பார்த்த பயனைத் தராமையால் 2023இல் கைவிடப்பட்டது. இறவைப் புரதம் மிகுந்திருப்பதை அறிவது வேறு, அதனைச் சிகிச்சையாக்குவது வேறு.

இறைத்துக்கொள்ளப் பாஸ்பேட் சூழலில் இருக்க வேண்டும். கட்டியின் சூழல் இவ்வகையில் வளமானது. எலிகளின் மார்புக் கட்டிகளில் செல்களுக்கு இடைப்பட்ட திரவத்தை அளந்து 2017இல் வெளியான ஆய்வு, இயல்பான மார்புத் திசுவில் உள்ளதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு பாஸ்பேட்டை அங்கே கண்டது. மடியும் செல்களிலிருந்து சிந்தும் ஏ.டி.பி.யைச் சவ்வின் வெளிப்புற நொதிகள் சிதைப்பதாலும் பாஸ்பேட் விடுபடுகிறது. நெல் வயலிலும் இதனையொத்த நிகழ்ச்சி உண்டு. நீர் தேங்கி ஆக்சிஜன் அற்றுப்போன மண்ணில் இரும்புச் சேர்மங்கள் ஒடுக்கமடைய, அவற்றோடு பிணைந்திருந்த பாஸ்பேட் கரைந்து வேருக்குக் கிடைக்கிறது. இரு சூழல்களிலும், அங்கு நிகழும் மாற்றங்களே பாஸ்பேட் கிடைப்பதைக் கூட்டுகின்றன.

புற்றுநோய்ச் செல் பாஸ்பேட்டைச் சேர்த்துவைக்கிறது என்பதற்கு மருத்துவமனையில் கண்கூடான சான்று ஒன்று உண்டு. சில இரத்தப் புற்றுநோய்களில் சிகிச்சை தொடங்கியதும் செல்கள் திரளாக உடைய, உள்ளிருந்த பாஸ்பேட் இரத்தத்தில் வெள்ளமெனக் கலக்கிறது. அது கால்சியத்துடன் சேர்ந்து படிந்து சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். கட்டிச் சிதைவு நோய்க்குறி எனப்படும் இந்நிலையை எதிர்பார்த்தே மருத்துவர்கள் சிகிச்சைக்கு முன்னரே போதிய நீர்மம் ஏற்றுகின்றனர்.

6. வடிகால்: பாஸ்பேட் வெளியேறும் முறை

இறவைப் புரதம் மிகுந்த செல்லில் பாஸ்பேட் தேங்கும். தேங்கியது எங்கே போகும்? பசி உருவகத்தில் இவ்வினாவுக்கு இடமேயில்லை.

மனிதச் செல்லிலிருந்து பாஸ்பேட்டை வெளியேற்றுவதாக அறியப்பட்டுள்ள புரதம் ஒன்றே. எக்ஸ்.பி.ஆர்.1 என்னும் அதுவும் முதலில் வைரசு வாயிலாகவே அறியப்பட்டு, அப்பெயரையே இன்றும் சுமந்துநிற்கிறது. அதன் வெளியேற்றும் தொழில் 2013இல்தான் தெளிவாயிற்று. 2024இல் வெளியான அமைப்பாய்வு, பாஸ்பேட் இப்புரதத்தின் வழியே வாய்க்காலில் செல்வதுபோல் வெளியேறுவதைக் காட்டியது. உட்புறத்தின் எதிர்மின் தன்மை பாஸ்பேட்டை வெளியே தள்ளுவதால் இங்கே இறைத்தல் தேவைப்படுவதில்லை, திறந்துவிடுதலே போதும். ஆகவே இதற்கு 'வடிகால்' என்னும் சொல் அணியாக மட்டுமன்றிச் செயல்முறையாகவும் பொருந்துகிறது.

இவ்வடிகாலின் இன்றியமையாமையை 2022இல் அமெரிக்காவின் பிராட் நிறுவன ஆய்வாளர் குழு வெளியிட்ட ஆய்வு உணர்த்தியது. பல்வேறு புற்றுநோய்ச் செல்களில் மரபணுக்களை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்து, எச்செல் எம்மரபணுவின்றி வாழாது என ஆராய்ந்தபோது, எஸ்.எல்.சி.34ஏ2 மிகுந்த சினைப்பைப் புற்றுநோய்ச் செல்கள் எக்ஸ்.பி.ஆர்.1 இன்றி வாழ இயலாமை தெரிந்தது. இப்புரதமும் அதன் துணைப்புரதமான கிடின்ஸ்220உம் சேர்ந்தே இயங்குகின்றன. வடிகால் அடைபட்டதும் செல்லினுள் பாஸ்பேட் நச்சளவுக்குத் தேங்கி, செல் மடிகிறது. இறவை மிகாத செல்கள் அதே அடைப்பைத் தாங்கிக்கொள்கின்றன.

புற்றுநோய்ச் செல்லின் வலிமை எனத் தோன்றிய மிகை இறவையே அதன் வலுக்குறையாகவும் அமைகிறது என்பது இவ்வாய்வு தரும் தெளிவு. அச்செல்லை வெல்லும் வழி பட்டினி போடுவதாக இல்லாமல், மூழ்கடிப்பதாகவும் இருக்கலாம். இது ஆய்வக நிலையில் உள்ள அறிவு. மருந்தாக இன்னும் உருப்பெறவில்லை.

படுகையின் நில அமைப்பை அறிந்தவர்க்கு இவ்விளக்கம் எளிதில் விளங்கும். காவிரியும் வெண்ணாறும் பாசனத்திற்கு நீர் தர, மிகை வெள்ளத்தைக் கொள்ளிடம் ஏற்றுக் கடலுக்குக் கொண்டுசெல்கிறது. கடைமடைப் பகுதியில் கோடையின் துயரம் நீர் வாராமை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் துயரம் நீர் வடியாமை. சம்பாப் பயிர் மூழ்கி அழுகும் ஆண்டுகளில் உழவர் கேட்பது கூடுதல் நீரன்று, தூர்வாரிய வடிகால்.

7. நெல்லிலும் அதே குடும்பம்

வயலையும் செல்லையும் ஒப்பிடுவது உவமை மட்டுமே எனக் கருத வேண்டியதில்லை. புரதங்களின் உறவு அதனினும் நெருங்கியது. எக்ஸ்.பி.ஆர்.1 புரதத்தின் ஒரு கூறு 'எஸ்.பி.எக்ஸ்.' எனப்படுகிறது. ஈஸ்ட்டின் இரு புரதங்களோடு மனிதனின் எக்ஸ்.பி.ஆர்.1ஐயும் சேர்த்து, அவற்றின் முதலெழுத்துகளால் அமைந்த பெயர் அது. செல்லில் பாஸ்பேட் போதுமா போதாதா என உணர்வதில் இக்கூறு பங்கேற்கிறது. ஈஸ்ட், தாவரம், விலங்கு ஆகிய முத்திறத்து உயிர்களிலும் அது உள்ளது.

தாவரங்களில் எக்ஸ்.பி.ஆர்.1க்கு உறவான குடும்பம் 'பி.எச்.ஓ.1' எனப்படும். நெல்லில் இக்குடும்பத்தைச் சேர்ந்த ஓ.எஸ்.பி.எச்.ஓ.1;2 என்னும் புரதம், வேர் உறிஞ்சிய பாஸ்பேட்டைத் தண்டுக்கு அனுப்புவதில் முதன்மையானது என 2010இல் காட்டப்பட்டது. அதன் மற்றொரு தொழிலை 2021இல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்டனர். மணி பால் பிடிக்கும் காலத்தில் அதற்குள் வந்த பாஸ்பேட்டின் ஒரு பகுதி வெளியேற வேண்டும். அப்புரதம் பழுதுபட்ட நெல்லில் மணிக்குள் பாஸ்பேட் தேங்கி, மாவுப்பொருள் உருவாக்கும் நொதியைத் தடுக்கிறது, மணி நிறைவதில்லை.

மணி பிடிக்கச் செய்வதால் மணிச்சத்து எனப் பெயர் பெற்ற பொருள், மணியை விட்டு வடியாவிட்டால் மணியையே பாழாக்குகிறது. நெல்மணியிலும் சினைப்பைப் புற்றுநோய்ச் செல்லிலும் ஒரே குடும்பத்துப் புரதம் ஒரே தொழிலைச் செய்கிறது. அது தவறும்போது இரண்டிலும் கேடு விளைவது தேக்கத்தாலேயே. படுகையின் சொற்கள் இவ்வறிவியலுக்குப் பொருந்துவது தற்செயலானதன்று என்பதற்கு இவ்வுறவே சான்று.

8. பட்டினி என்னும் உருவகத்தின் விளைவு

பட்டினி உருவகத்தை நோயாளி உண்மையெனக் கொள்ளும்போது மூன்று இடர்கள் நேர்கின்றன.

முதலாவது, உணவைக் குறைப்பதால் கட்டிக்குச் செல்லும் பாஸ்பேட் குறையும் என்னும் எண்ணம். இரத்தப் பாஸ்பேட்டின் அளவைச் சிறுநீரகமும் எலும்பும் இயக்குநீர்களும் சேர்ந்து காக்கின்றன. உணவில் குறைவு நேர்ந்தால் சிறுநீரகம் வெளியேற்றத்தைக் குறைக்கும். எலும்பின் இருப்பிலிருந்தும் ஈடு கிடைக்கும். இழப்பு கட்டிக்கன்று, உடலுக்கே. நுரையீரல் புற்று தோன்றுமாறு மரபணு மாற்றிய எலிகளில் செய்த ஆய்வுகளும் இங்கு எண்ணத்தக்கவை. பாஸ்பேட் மிகுந்த உணவு கட்டி வளர்ச்சியைத் தூண்டியதாக 2009இல் அறிவித்த அதே ஆய்வுக் குழு, பாஸ்பேட் குறைந்த உணவும் தூண்டியதாக 2010இல் அறிவித்தது. எலியில் கண்டதை மனிதர்க்கு அப்படியே ஏற்ற இயலாது. எனினும் 'குறைத்தால் நன்று' என்னும் எளிய கணக்கு எலியிலேயே பொய்த்தது என்பது கருதத்தக்கது.

இரண்டாவது, நெடுநாள் பட்டினிக்குப்பின் நேரும் இடர். பல நாள் உணவின்றி இருந்தவர் திடீரென மிகுதியாக உண்ணும்போது, செல்கள் பாஸ்பேட்டை விரைந்து உள்ளிழுக்க, இரத்தத்தில் அதன் அளவு சரிந்து இதயமும் மூச்சும் தடுமாறலாம். மீளூட்ட நோய்க்குறி எனப்படும் இது உயிருக்கே ஊறு செய்யக்கூடியது. புற்றுநோயாளிகளின் உடல் மெலிவு சிகிச்சையைத் தாங்கும் ஆற்றலைக் குறைக்கிறது என்பதும் மருத்துவத்தில் நன்கு நிறுவப்பட்ட உண்மை.

மூன்றாவது, படுகையில் காதில் விழும் ஓர் அச்சம்: டி.ஏ.பி. இட்ட நெல்லின் பாஸ்பேட் புற்றை வளர்க்கும் என்பது. நெல்மணியில் பாஸ்பரசின் பெரும்பகுதி பைட்டேட் என்னும் சேமிப்பு வடிவில் தவிட்டில் தங்குகிறது. சோற்றில் உள்ள பாஸ்பேட்டும் மீனிலும் பருப்பிலும் பாலிலும் உள்ளதும் ஒன்றே. அது எவ்வுயிர்க்கும் வேண்டிய பொருள். பாஸ்பேட் பாறையில் இயல்பாகக் கலந்திருக்கக்கூடிய காட்மியம் புற்றுநோய் விளைப்பது. அது தனியே கண்காணிக்கப்பட வேண்டியது. பூச்சிக்கொல்லிகளின் கேடும் வேறு. இவற்றையெல்லாம் 'உரம்' என ஒரே சொல்லில் அடக்கும்போது, அஞ்ச வேண்டியது எது என்பது மறைந்துவிடுகிறது. சிறுநீரகம் பழுதுற்றோர்க்கு மருத்துவர் விதிக்கும் பாஸ்பேட் கட்டுப்பாடு முற்றிலும் வேறு காரணம் பற்றியது. அதனை அவர்கள் பின்பற்றியே ஆக வேண்டும்.

9. சொல்லாட்சி குறித்த முன்மொழிவும் அதன் எல்லையும்

மேற்கண்டவற்றின் அடிப்படையில் மூன்று சொல்லாட்சிகள் முன்மொழியப்படுகின்றன. ஆற்றல் செலவிட்டுப் பொருளை உள்ளேற்றும் சவ்வுப் புரதத்திற்கு 'இறவைப் புரதம்'. பொருளை வெளியேற விடும் புரதத்திற்கு 'வடிகால் புரதம்'. வெளியேற்றம் தடைப்பட்டு மிகுதலுக்குத் 'தேக்கம்'. பாடநூல்களில் இரு திசைக்கும் பொதுவாக ஆளப்படும் 'கடத்தி' திசையையும் ஆற்றல் செலவையும் உணர்த்துவதில்லை. இயற்பியலில் மின்கடத்தியைக் குறிக்கும் சொல்லும் அதுவே. 'வாய்க்கால்' என்பதை அயனிகள் தாமே பாயும் புரதத் துளைகளுக்கு ஒதுக்கிவைப்பது நலம்.

இவ்வுருவகத்திற்கும் எல்லை உண்டு. பாசனத்தில் இறைப்பவரும் வடிப்பவரும் மனிதர். அவர்களுக்கு நோக்கம் உண்டு. செல்லுக்கு நோக்கமில்லை. வயலில் நீர் நீராகவே நின்று வடிகிறது. செல்லில் பாஸ்பேட் டி.என்.ஏ.வாகவும் சவ்வாகவும் ஏவலாகவும் உருமாறுகிறது. மேலும், ஆற்றல் செலவிட்டு வெளியேற்றும் புரதங்களும் உயிரியலில் பல உண்டு; மருந்தை வெளியே தள்ளிப் புற்றுநோய்ச் செல்லைக் காக்கும் புரதங்கள் அத்தகையவை. அவற்றுக்கு 'வடிகால்' பொருந்தாது. 'வெளியிறவை' என்றே சொல்ல வேண்டும். உருவகம் எங்கே நிற்கிறது எனக் கூறாமல் சொல்லைப் பரிந்துரைத்தால், பட்டினி உருவகம் செய்த பிழையையே இதுவும் செய்யும்.

10. முடிவுரை

சோழர் காலக் கல்வெட்டுகள் நில எல்லை குறிக்கும் இடங்களில் வதி, வாய்க்கால், கண்ணாறு எனத் துல்லியமாக வேறுபடுத்துகின்றன. நீர் செல்லும் வழிகளைப் பிரித்துப் பெயரிடும் அப்பயிற்சி தமிழுக்கு நெடுங்காலத்தது. அறிவியல் தமிழ் அப்பயிற்சியை இன்றைய உயிரியலுக்குக் கொள்ளலாம் என்பது இக்கட்டுரையின் முடிபு.

புற்றுநோய்ச் செல் பாஸ்பேட்டை இறைத்துக்கொள்கிறது. மரபுச் செய்தி, சவ்வு, ஆற்றல், பூட்டுதல், ஏவல் ஆகிய ஐந்திற்கும் செலவிடுகிறது. எஞ்சியதை வடியவிட்டே உயிர் வாழ்கிறது. இம்மூன்றனுள் முதலாவதை மட்டும் சொல்லும் 'பசி' என்னும் சொல் அறிவியலையும் குறைத்துக் காட்டுகிறது; நோயாளியையும் தட்டிலிருந்து விலக்குகிறது. மருத்துவக் கட்டுரைகளையும் நோயாளிகளுக்கான கையேடுகளையும் தமிழில் எழுதுவோர் 'பட்டினி' என எழுதும் ஒவ்வோரிடத்திலும், உடலில் உண்மையில் நிகழ்வது என்ன என வினவி, அதற்குரிய சொல்லைத் தேர்தல் வேண்டும். புற்றுநோய்ச் செல்லின் சர்க்கரை, இரும்பு, அமினோ அமிலம் ஆகியவற்றின் பயன்பாட்டைத் தமிழில் சொல்லும் முறைகளையும் இவ்வாறே ஆராய்தல் அடுத்த கட்டப் பணியாக அமையும்.